இரண்டு மனைவிகள், ஒரே ஆட்சி

ஜிம்பாப்வேயின் அதிபராக இருந்த ராபர்ட் முகாபேயின் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர் கிரேஸ். அவரைவிட 41 வயது இளையவர். முதல் மனைவி சாலி சிறுநீரக நோயில் கிடந்தபோதே இருவருக்கும் உறவு ஏற்பட்டு, குழந்தையும் பிறந்தது. 1992இல் சாலி இறந்தார். 1996இல் குட்டாமாவில் கிரேஸுக்கு ஆடம்பரத் திருமணம். ஆடம்பரப் பொருள்கள் மீதான மோகத்தால் பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர் ‘குச்சி (Gucci) கிரேஸ்’. கானாவில் பிறந்த சாலியையோ மக்கள் தாயாகவே நினைத்தார்கள். அவருடைய ஒரே மகன் மூன்று வயதில் இறந்தபோது, சிறையிலிருந்த முகாபேயை இறுதிச் சடங்குக்குக்கூட அன்றைய வெள்ளையர் அரசு விடவில்லை. அந்தத் துக்கத்தைத் தனியாகச் சுமந்தவர் சாலி. ஆகவே ஒரு கதை நிலைத்துவிட்டது: சாலி இருந்தவரை முகாபே நல்லவர், கிரேஸ் வந்துதான் கெடுத்தார்.

காலவரிசை இதற்கு இடம் தரவில்லை. வட கொரியா பயிற்றுவித்த ஐந்தாம் படைப்பிரிவு மட்டபெலேலாந்துப் பகுதியில் பொதுமக்களைக் கொன்று குவிக்கத் தொடங்கியது 1983இல். மாண்டவர்கள் 20,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அப்போது முகாபேயின் மனைவி சாலி. அவரைக் குற்றம் சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. மனைவியின் குணத்தை வைத்து ஓர் ஆட்சியை அளக்க முடியாது என்பதற்காகத்தான். பிறகு வந்த காங்கோ போர்ச் செலவும், 2000இல் தொடங்கிய நிலப் பறிப்பும், கண்மூடித்தனமாக நோட்டு அச்சடித்ததும் அரசின் முடிவுகள். நூறு லட்சம் கோடி டாலர் நோட்டு வரை போன பணவீக்கத்தை கிரேஸின் எந்தக் கைப்பையும் உண்டாக்கியிருக்க முடியாது.

அப்படியானால் கிரேஸ் அப்பாவியா? இல்லை. மசோவேயில் அவர் பண்ணைகள் விரிய விரிய ஏழைக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2014இல் ஆளுங்கட்சியின் மகளிர் அணித் தலைமை கிடைத்தது. அதே ஆண்டு கிடைத்த முனைவர் பட்டத்தை பல்கலைக்கழக வேந்தர் என்ற முறையில் கணவரே வழங்கினார். (ஆய்வேடு பொதுவெளிக்கு வந்தது 2018இல்தான்.) மேடையில் அவர் தாக்கிப் பேசிய துணை அதிபர் ஜாய்ஸ் முஜூரு அந்த ஆண்டே பதவியிழந்தார். இவ்வளவும் உண்மை. ஆனால் முதல் சீமாட்டிக்கென்று ஆணையிடும் அதிகாரம் எதுவும் கிடையாது. பதவி நீக்க உத்தரவு ஒவ்வொன்றும் முகாபேயுடையது. வரம் கேட்டவள் கைகேயி என்பதால் தசரதன் கொடுக்கவில்லை என்று ஆகிவிடுமா?

இந்தக் கதையால் லாபமடைந்தது யார் என்றும் பார்க்க வேண்டும். 2017 நவம்பரில் ராணுவம் தலைநகர் ஹராரேயைப் பிடித்தபோது, அதிபரைத் தொடவில்லை, அவரைச் சுற்றியுள்ள குற்றவாளிகளையே குறிவைக்கிறோம் என்று அறிவித்தது. கிரேஸ் மீது மக்களுக்கிருந்த வெறுப்பு அந்த அறிவிப்பை நம்பவைத்தது; ஹராரே தெருக்களில் மக்கள் ராணுவ வண்டிகளைக் கட்டித் தழுவினார்கள். முகாபே விலகிய மூன்றாம் நாள் புதிய அதிபராகப் பொறுப்பேற்றவர் எம்மர்சன் முனங்காக்வா. மட்டபெலேலாந்துப் படுகொலை தொடங்கியபோது உளவுத்துறையைக் கவனித்த தேசியப் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் அவர்தான்.