பொதுத் தரமே வணிகருக்குப் பாதுகாப்பு

வீசை, மணங்கு, படி, மரக்கால் என்று ஊருக்கு ஊர் அளவு மாறிய காலம் ஒன்று இருந்தது. ஒரு ஊர் மரக்காலில் அளந்த உளுந்து அடுத்த ஊர் மரக்காலில் குறையும். தகராறு வரும், பேரம் பேசும் பலம் மரக்கால் வைத்திருப்பவர் கையில் இருக்கும். 1956ஆம் ஆண்டு எடை அளவுத் தரச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு பைசா என்ற தசம நாணயம் புழக்கத்துக்கு வந்தது. கிலோவும் லிட்டரும் எந்த ஒரு முதலாளிக்கும் சொந்தமில்லை. அதனால்தான் அவை எல்லா வணிகருக்கும் பயன்படுகின்றன.

இன்று நமது கடைகளுக்குள் செல்போன் வழியாக வந்திருக்கும் புதிய வசதிகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். பணம் வாங்கும் அட்டை, பேசும் பெட்டி, பில் போடும் சாப்ட்வேர், கடன் பற்று எழுதும் செயலி ஆகியவற்றில் எது பொதுத் தரத்தில் இயங்குகிறது, எது ஒரே கம்பெனியின் பிடியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது வணிகரின் கடமை.

ப்ளாஷ் தந்த பாடம்

1996இல் தொடங்கிய ப்ளாஷ் என்ற மென்பொருள், இணையப் பக்கங்களில் படமும் ஒலியும் அசைவும் காட்டுவதற்கு உலகெங்கும் பயன்பட்டது. 2005இல் அடோபி நிறுவனம் அதை வாங்கியது. பக்கத்தைப் பார்ப்பவர் தனது கம்ப்யூட்டரில் அந்த நிறுவனத்தின் இணைப்பு மென்பொருளைப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ப்ளாஷில் செய்த பகுதி தெரியாது.

2007இல் வந்த ஐபோனில் ப்ளாஷ் ஓடவில்லை. 2010 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கான காரணங்களைப் பகிரங்கக் கடிதமாகவே எழுதினார். பேட்டரியைத் தின்கிறது, பாதுகாப்பு போதாது, விரலால் தொட்டு இயக்கும் கருவிக்குப் பொருந்தாது, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பவை அவர் சொன்னவை. ஆப்பிளும் தனது பொருள்களைத் தன் பிடியில் வைத்திருக்கும் நிறுவனம்தான். ஆனால் இணையம் பொதுத் தரத்தில் இருக்க வேண்டும் என்ற வாதம் நின்றது. 2011 நவம்பரில் செல்போனுக்கான ப்ளாஷை அடோபி கைவிட்டது. 2020 டிசம்பர் 31உடன் கம்ப்யூட்டரிலும் அதன் ஆதரவு முடிந்தது. எச்டிஎம்எல்5 என்ற பொதுத் தரம் அந்த இடத்தைப் பிடித்தது. ப்ளாஷை நம்பிப் பணம் செலவழித்து விலைப்பட்டியலும் விளம்பரமும் செய்தவர்கள் மறுபடியும் செலவு செய்ய வேண்டியதாயிற்று.

கல்லாவில் இருக்கும் சதுர அட்டை

இந்தப் பாடம் நமக்கு மிக அருகில் நடந்ததும் உண்டு. க்யூஆர் என்னும் சதுரக் குறியீட்டை 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் கார் உதிரிபாகங்களை அடையாளம் காண உருவாக்கியது. காப்புரிமை வைத்திருந்தும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டது. அது உலகமெங்கும் பரவியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஆனால் கட்டம் பொதுவானாலும் அதற்குள் எழுதியிருப்பது பொதுவாக இல்லை. 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பை ஒட்டிய காலத்தில் வாலட் கம்பெனிகள் தங்கள் தங்கள் அட்டைகளைக் கடைகளில் ஒட்டின. ஒரு கம்பெனியின் அட்டையை மற்றொரு கம்பெனியின் செயலி படிக்காது. விளாத்திகுளத்திலிருந்து கோவில்பட்டிக்குச் சரக்கு வாங்க வருபவரிடம் எந்தச் செயலி இருக்கிறதோ அந்த அட்டை கடையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் அடுத்த கடைக்குப் போவார்.

2016இல் தொடங்கிய யுபிஐ முறையும், 2017 பிப்ரவரியில் வந்த பாரத் க்யூஆரும் இதை மாற்றின. 2020 அக்டோபர் 22 அன்று ரிசர்வ் வங்கி திட்டவட்டமாக உத்தரவிட்டது: இனி யாரும் தனிக் குறியீடு புதிதாகக் கொண்டுவரக் கூடாது, ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் 2022 மார்ச் 31க்குள் பொதுக் குறியீட்டுக்கு மாற வேண்டும். இன்று ஒரே அட்டையில் எந்த வங்கிச் செயலியிலிருந்தும் பணம் வருகிறது என்றால் அதன் பின்னால் இந்த உத்தரவு இருக்கிறது.

இதன் அருமை 2024இல் தெரிந்தது. அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியின் மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. மார்ச் 15க்குப் பிறகு அந்த வங்கிக் கணக்கில் பணம் வரவு வைக்க முடியாது என்றது. அந்த வங்கியில் கணக்கு வைத்துப் பணம் வாங்கிய வணிகர்கள் வேறு வங்கிக்கு மாற வேண்டியிருந்தது. அதே கம்பெனியின் அட்டையை வேறு வங்கிக் கணக்கோடு இணைத்திருந்தவர்களுக்கு வசூல் தடைப்படவில்லை. தரம் பொதுவாக இருந்ததால் கணக்கை மாற்றினால் போதும் என்ற நிலை இருந்தது. மூடிய பழைய முறையாக இருந்திருந்தால் கடைக்காரர் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து முடங்கியிருப்பார்.

இன்னும் பூட்டியிருக்கும் இடங்கள்

அட்டை பொதுவாகிவிட்டது. பேசும் பெட்டி ஆகவில்லை. பொதுவாக ஒரு கம்பெனியின் பெட்டி அதன் வழியாக வரும் பணத்தை மட்டுமே அறிவிக்கும். வாடகையை ஏற்றினால் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் கணக்கு. நமது கரிசல் பூமியில் வியாபாரம் மழையை நம்பியது. புரட்டாசி, ஐப்பசியில் விதையும் உரமும் கடனாகப் போகும். தை, மாசியில் உளுந்தும் பாசியும் பருத்தியும் மிளகாயும் வந்த பிறகே பற்று அடையும். நான்கைந்து மாத நம்பிக்கை அந்தப் பற்றுப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அந்தப் புத்தகம் இன்று பல கடைகளில் செல்போன் செயலிக்குள் போய்விட்டது. கம்பெனி மூடினாலோ, செயலி ஓடாமல் போனாலோ, அந்த எழுத்தை வெளியே எடுக்க முடியுமா என்பதை நாம் கேட்டிருக்கிறோமா?

ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு அறிக்கை கொடுக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காப்பாற்றி வைக்க வேண்டும். சாப்ட்வேர் கம்பெனி போய்விட்டது என்பது அதிகாரி ஏற்கும் காரணமாகாது.

வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

1. க்யூஆர் அட்டையில் வரும் பணம் எந்த வங்கிக் கணக்கில் சேருகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் நேரில் போய்க் கேட்கக்கூடிய வங்கியாக இருப்பது நல்லது.

2. பேசும் பெட்டி வாங்கும்போது மாத வாடகை, திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை, முன்பணம் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

3. பில் சாப்ட்வேர் வாங்கும் முன்பே, கணக்கு முழுவதையும் எக்ஸெல் கோப்பாக எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விற்பனையாளர் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

4. மாதக் கடைசியில் பற்று வரவைப் பிரதி எடுத்துத் தனியாக வையுங்கள். பெரிய பற்றுகளைத் தாளிலும் வைப்பது தவறல்ல.

5. தமிழ் விலைப்பட்டியலை யூனிகோடு எழுத்தில் அடியுங்கள். பழைய தனி எழுத்துருவில் அடித்தது வாடிக்கையாளரின் செல்போனில் புரியாத குறிகளாகவே தெரியும். 2010இல் தமிழக அரசே யூனிகோடுக்கு மாறிவிட்டது.

புதிய வசதி எதையும் வேண்டாம் என்று சொல்வது நம் நோக்கமல்ல. தனியார் கம்பெனிகள் முதலில் வந்து வழி காட்டியதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பொருளை வாங்கும்போது, அதை விட்டு வெளியே வருவதற்கு வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மாறிப் போக முடிந்தவரிடம்தான் கம்பெனிக்காரர் மரியாதையாக விலை பேசுவார். சரக்கில் பேரம் பேசத் தெரிந்த நம் வணிகர்கள் இதிலும் விழிப்போடு இருப்பார்களாக!