நம் வீட்டுக்குள்ளும் வரட்டும் மருத்துவக் குழு

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், விவசாயத் தொழிலாளிக்கு அன்றைய கூலி போய்விடும். அதனால் பலர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பக்கவாதம் வந்து விழுந்த பிறகே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறார்கள்.

இதை மாற்றவே 2021 ஆகஸ்ட் 5-ல், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரையை வீட்டிலேயே தருகிறார். செவிலியர் படுத்த படுக்கையானவரின் புண்ணைக் கவனிக்கிறார். இயன்முறை மருத்துவர் முடங்கிய கைகால்களுக்குப் பயிற்சி தருகிறார். ஒருவர் கண்டதை மற்றவரிடம் சொன்னால்தான் இது குழு வேலை.

அந்தக் குழுவில் நோயாளிக்கும் இடம் உண்டு. விடியலிலேயே களையெடுக்கப் போகும் பெண்ணின் வீட்டுக்குப் பதினோரு மணிக்கு வந்து, 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிப் போவதால் என்ன பயன்? 'எந்த நேரம் இருப்பீங்கம்மா?' என்று முதலில் கேட்க வேண்டும்.

ஊர்த் தெருவில் திண்ணையில் உட்கார்ந்து கையைப் பிடித்துப் பார்ப்பவர், தலித் குடியிருப்பில் மட்டும் தெருமுனையில் நின்று மாத்திரையை நீட்டினால், அது தீண்டாமைதான். தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது 1955-ம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வன்கொடுமை குறித்து 14566 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

மாணவர்களே, உங்கள் தெருவுக்கான தன்னார்வலர் யார், எப்போது வருகிறார் என்று விசாரித்து எழுதி வையுங்கள். வரவில்லை என்றால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.