தேர்வறையில் படித்தது ஏன் மறக்கிறது?

மார்க்கையன்கோட்டையில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை திண்ணையில் கடகடவென ஒப்பித்த விடை, வினாத்தாளைக் கண்டதும் காணாமல் போகிறது. உள்ளங்கை வியர்க்கிறது, வயிற்றைப் பிசைகிறது. "ஒழுங்காப் படிக்கல" என்று வீட்டில் திட்டு விழும். பெரும்பாலும் அது அநியாயம். மறதிக்குக் காரணம் பயம்.

பயத்தை முதலில் உணர்வது மூளையின் அமிக்டலா. உடனே சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும், சில நிமிடங்களில் கார்ட்டிசாலையும் இரத்தத்தில் விடுகின்றன. புலியிடமிருந்து தப்பி ஓட இது உதவும், முக்கோணவியலுக்கு உதவாது. கார்ட்டிசால் மிகும்போது, சேமித்ததை எடுத்துத் தர மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸ் திணறுகிறது. நினைவு அழிவதில்லை. அதனால்தான் வெளியே வந்ததும் விடை வந்து நிற்கிறது, பாழாய்ப்போனது!

எப்படிச் சமாளிப்பது? மூச்சை நீளமாக வெளியே விட்டால், வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும். தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதிய, பதற்றம் மிகுந்த மாணவர்கள் நன்றாகத் தேர்வெழுதியதை 2011இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். விடிய விடியப் படிப்பதைவிடத் தூக்கமே மேல்.

வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டால், 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்னும் இந்த மனநல உதவிச் சேவை 24 மணி நேரமும் தமிழிலும் உண்டு, கட்டணமில்லை. பெற்றோரும் பேசலாம்.