கொடுக்கும் கையும் கேட்கும் செவியும்



நம் பங்குகளிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய குடும்பங்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது நம்மிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று இது: "ஃபாதர், பிள்ளை அங்கே அரசுப் பள்ளியில் படிக்கிறான். இயேசுவின் பிறப்பைப் பற்றி எழுதிய கிறிஸ்துமஸ் அட்டையை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? கொடுத்தால் தண்டிப்பார்களா?"

கேள்வி சிறியதுதான். ஆனால் விசுவாசத்திற்குச் சான்று பகர்வது எப்படி, ஒழுங்கைக் காப்பது எப்படி என்ற இரண்டு பெரிய காரியங்கள் இதற்குள் இருக்கின்றன. எனவே சற்று விரிவாகவே சிந்திப்போம்.

பள்ளி மாவட்டமும் அதன் விதிகளும்

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளைப் பெரும்பாலும் "பள்ளி மாவட்டம்" என்ற உள்ளூர் அமைப்புகளே நடத்துகின்றன. நாடு முழுவதும் இவை சுமார் 13,000 உள்ளன. பெரும்பாலானவற்றில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த குழு ஒன்று விதிகளை வகுக்கிறது. மாணவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும், தவறினால் என்ன தண்டனை, துண்டறிக்கைகளை எங்கே எப்போது கொடுக்கலாம் என்பனவெல்லாம் அவ்விதிகளில் அடங்கும். ஆனால் அரசுப் பள்ளி என்பதால் இவ்விதிகள் நாட்டின் அரசியல் சட்டத்தை மீற முடியாது.

கறுப்புப் பட்டை கட்டிய பிள்ளைகள்

1965 டிசம்பரில் அயோவா மாநிலத்தின் டெ மாயின் நகரில் சில மாணவர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டிப் பள்ளிக்குச் செல்ல முடிவு செய்தனர். வியட்நாம் போரில் இரு தரப்பிலும் இறந்தவர்களுக்காகத் துக்கம் கொண்டாடவும், கிறிஸ்துமஸ் போர்நிறுத்தம் நீடிக்க வேண்டும் என்று காட்டவும் அவர்கள் விரும்பினர். இதை அறிந்த தலைமையாசிரியர்கள் டிசம்பர் 14 அன்று கூடி அதற்குத் தடை விதித்தனர். தடையை மீறிய மேரி பெத் டிங்கர் (வயது 13), அவருடைய அண்ணன் ஜான் (15), கிறிஸ்டோபர் எக்கார்ட் (16) ஆகியோர் பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டனர்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1969 பிப்ரவரி 24 அன்று 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் மாணவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பள்ளி வாசலில் நுழைவதால் மாணவர் தம் கருத்துரிமையை இழப்பதில்லை. பள்ளியின் பணியைப் பெரிதும் குலைத்தாலோ, பிறருடைய உரிமையைப் பறித்தாலோ மட்டுமே அதைத் தடுக்கலாம் என்றது நீதிமன்றம். வேறு சின்னங்களை அணிய அனுமதித்த அதே பள்ளிகள் இந்த ஒரு சின்னத்தை மட்டும் விலக்கியதையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினர்.

எப்போது, எங்கே, எப்படி?

2003 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் பிளேனோ நகரில் நம் கேள்விக்கு மிக நெருக்கமான நிகழ்வு ஒன்று நடந்தது. வளைந்த கோல் போன்ற கிறிஸ்துமஸ் மிட்டாயின் வடிவில் செய்த பேனாவையும், அம்மிட்டாய்க்குக் கிறிஸ்தவ விளக்கம் தரும் அட்டையையும் ஒரு தொடக்கப்பள்ளி மாணவன் வகுப்பு விழாவில் கொடுக்க விரும்பினான். பள்ளி மறுத்தது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சமயக் கருத்து என்ற ஒரே காரணத்துக்காகச் சிறு பிள்ளைகளின் வெளிப்பாட்டையும் தடுக்கலாகாது என்றது. ஆயினும் அன்று சட்டம் தெளிவாக இல்லாததால் தலைமையாசிரியர்கள் இழப்பீடு தர வேண்டியதில்லை என்றும் கூறியது.

இதற்கிடையே 2005இல் அம்மாவட்டம் புதிய விதி வகுத்திருந்தது. பள்ளி தொடங்குவதற்கு முன்னும் முடிந்த பின்னும் 30 நிமிடங்கள், இடைவேளை, ஆண்டுக்கு மூன்று விழாக்கள் ஆகிய நேரங்களில் கொடுக்கலாம். மற்ற நேரங்களில் குறித்த மேசையில் வைக்கலாம், விரும்பியவர் எடுத்துக்கொள்வர். எல்லாக் கருத்துகளுக்கும் பொதுவான இந்த ஒழுங்கு செல்லும் என 2009இல் தீர்ப்பாயிற்று.

ஆகவே அக்குடும்பங்களுக்கு நம் பதில்: பிள்ளை கொடுக்கலாம். நேரத்தையும் இடத்தையும் பள்ளி குறிக்கலாம். ஆனால் மற்ற அட்டைகளை அனுமதித்துவிட்டு, இயேசுவின் பெயர் இருப்பதற்காக மட்டும் இதைத் தடுக்கலாகாது.

மறுக்கும் பிள்ளைக்கும் உரிமை உண்டு

இங்கேதான் நம் மனச்சான்றைத் தொடும் பகுதி வருகிறது. நம் பிள்ளைக்குத் திறந்த கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்தது. நாளை வேறு சமயத்து அட்டை ஒன்று நம் பிள்ளையின் பையில் வீட்டுக்கு வரும். அப்போது பள்ளிக்குப் புகார் எழுதுவோமா? நாம் கொடுத்ததை இன்னொரு பிள்ளை வாங்க மறுத்தால் புன்னகையோடு விலகுவோமா?

டெ மாயின் தலைமையாசிரியர்கள் கூடுவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, 1965 டிசம்பர் 7 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. விசுவாசத்தை அறிவிக்க நமக்கு உரிமை உண்டு என்று சொல்லும் அதே அறிக்கை (எண் 4), வற்புறுத்தலின் சாயல்கூட அதில் இருக்கக்கூடாது என்றும் எச்சரிக்கிறது. மேசைமேல் வைத்த அட்டையை எடுப்பதும் விடுவதும் அடுத்த பிள்ளையின் விருப்பம். அவ்விருப்பத்தை மதிப்பதும் சான்று பகர்தலே.

கேட்ட பின்பே தண்டனை

தண்டனையைப் பற்றி ஒன்று. ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகர மாணவர்கள் தொடுத்த வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் ஒரு நெறி வகுத்தது. 10 நாள் வரையிலான தற்காலிக நீக்கமானாலும், குற்றச்சாட்டை மாணவருக்குச் சொல்ல வேண்டும். அவர் மறுத்தால் சான்றுகளை விளக்கி, அவர் தரப்பையும் கேட்க வேண்டும். ஆபத்தோ, பள்ளிப் பணி குலையும் அச்சமோ தொடர்ந்து இருந்தால் மட்டும் முதலில் வெளியேற்றலாம். ஆனால் விரைவில் கேட்டாக வேண்டும்.

நமக்கு இது புதிதன்று. எல்லாம் அறிந்த கடவுளே ஆதாமையும் ஏவாளையும் தண்டிக்குமுன் கேள்வி கேட்டு, அவர்கள் பதில் சொல்ல இடம் கொடுத்தார் (தொநூ 3:9-13). ஒருவரை விசாரிக்காமல் தீர்ப்பிடலாமா என்று நிக்கதேம் பரிசேயரிடம் வாதாடினார் (யோவா 7:51). ஆணை பிறப்பிக்குமுன், அதனால் உரிமை பாதிக்கப்படக் கூடியவர்களை இயன்றவரை கேட்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டமும் கூறுகிறது (எண் 50).

அமெரிக்காவில்கூடக் கத்தோலிக்கத் தனியார் பள்ளிகளை மேற்சொன்ன தீர்ப்புகள் கட்டுப்படுத்துவதில்லை. அங்கே பிள்ளைக்குக் காவலாக நிற்க வேண்டியது நம் மனச்சான்று. நம் பள்ளிகளிலும், மறைக்கல்வி வகுப்புகளிலும், வீட்டிலும், எத்தனை முறை கேட்காமலே தண்டித்திருக்கிறோம்! பங்குத்தந்தையரான நாமும் இதற்கு விலக்கல்ல.

அடுத்த முறை ஒரு பிள்ளை தவறு செய்ததாக நம் முன் நிறுத்தப்படும்போது, முதலில் "என்ன நடந்தது, சொல்" என்று கேட்போம். பதில் முடியும்வரை பொறுமையாய்ச் செவிகொடுப்போம்.