தாத்தா, சாமி இருக்கா, இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை, கட்டுமாவடியில் ஒரு வீடு. இங்கே இரவு ஏழு மணி என்றால், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் மதியச் சாப்பாட்டு நேரம். வீடியோ காலில் பேத்தி தட்டுக்கு முன்னால் கண்ணை மூடி, கைகூப்பி ஏதோ முணுமுணுக்கிறாள். கறுப்புச் சட்டைக்காரத் தாத்தாவுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

“என்ன தாயி பண்ற?”

“சாப்பிடறதுக்கு முன்னாடி சாமிக்கு நன்றி சொல்லணும் தாத்தா. டீச்சர் சொல்லித் தந்தாங்க.”

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், பெல்ஃபாஸ்டில் மத நம்பிக்கை இல்லாத ஒரு குடும்பத்தில் ஏறக்குறைய இது நடந்தது. அரசு ஆரம்பப் பள்ளிக்குப் போய்வந்த சிறுமி, வீட்டில் சாப்பிடும் முன் ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். வீட்டில் யாரும் கற்றுத் தரவில்லை. பெற்றோர் நீதிமன்றம் போனார்கள்.

“பிடிக்கவில்லையென்றால் அந்த வகுப்பிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளலாமே?” என்று கேட்கலாம். சட்டமும் அதை அனுமதிக்கிறது. ஆனால், எல்லோரும் சேர்ந்து பாடும்போது ஒரு பிள்ளை மட்டும் தனியே உட்கார்ந்திருந்தால், அதன் மனசு என்ன பாடுபடும்? 2025 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கவனித்தது. விலக்கு உரிமை இருந்தாலும் அது பெற்றோருக்குச் சுமை, பிள்ளையைத் தனித்துக் காட்டிவிடும் என்று சொல்லி, குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மத வகுப்பே கூடாது என்று தீர்ப்பு சொல்லவில்லை. கிறிஸ்தவத்துக்கு அதிக இடம் தருவதையும் தடுக்கவில்லை. ‘இதுதான் உண்மை’ என்று ஊட்டாமல், பல பார்வைகளையும் நடுநிலையோடு சொல்லித் தர வேண்டும் என்றது.

ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் வாழும் நார்வேயிலும் இப்படி ஒரு வழக்கு நடந்தது. 1997-ல் அங்கே கிறிஸ்தவத்துக்கு முதலிடம் தரும் புதிய பாடம் வந்தது. மத நம்பிக்கையற்ற பெற்றோர் சிலர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2007-ல் ஒன்பதுக்கு எட்டு என்ற கணக்கில், ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

நம் ஊருக்கு இது புதிதல்ல. அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மதப் போதனையில் உட்கார வைக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு. பள்ளிச் சான்றிதழில் சாதி, மதம் குறிப்பிட விரும்பாதவர்களை வற்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு அரசு 1973-லேயே ஆணையிட்டது.

“நாங்களும் மிஷன் ஸ்கூல்ல படிச்சோம், ஜெபம் சொன்னோம். கெட்டா போயிட்டோம்?” என்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், பள்ளி விட்டு வந்தால் நம்மைச் சுற்றி ஒரு ஊரே இருந்தது. கோயில், பள்ளிவாசல், மாதா கோயில், பகுத்தறிவு பேசும் மாமா என எல்லாம் கண்ணில் பட்டன. வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பள்ளிதான் ஊர். அங்கே டீச்சர் சொல்வதே வேதவாக்கு.

பெற்றோர் என்ன செய்யலாம்? சேர்க்கும்போதே மத வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டு வாங்கிப் படிக்கலாம். விலக்கினால் அந்த நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கும், என்ன செய்யும் என்று முன்கூட்டியே பேசலாம். முக்கியமாக, ஜெபம் சொல்லும் பிள்ளையைக் கேலி செய்யக் கூடாது. ‘இல்லை’ என்பதைத் திணிப்பதும் திணிப்புதானே!

பேத்தி கேட்கிறாள்: “தாத்தா, சாமி இருக்கா, இல்லையா?”

“இருக்குனு உங்க டீச்சர் நம்புறாங்க. இல்லைனு நான் நினைக்கிறேன். நீ நல்லாப் படி, நிறையக் கேள்வி கேளு. பெரியவளானதும் நீயே முடிவு பண்ணு தாயி. இப்ப சாப்பாடு ஆறுது பாரு.”