எண்பத்து மூன்றின் பங்குனி

பங்குனி பிறந்து பதினைந்து நாள் ஆகியும் ஒரு மழை இறங்கவில்லை என்றால், சங்கரன்கோவில் பக்கத்து வயசாளிகள் இன்றைக்கும் "எம்பத்து மூணு மாதிரி ஆயிருமோ" என்றுதான் கேட்பார்கள். 1983 கோடையில் எனக்குப் பதினைந்து வயசு. அப்போது எங்கள் தோட்டத்தில் போனதையும், பக்கத்துக் காட்டில் தாங்கி நின்றதையும் பார்த்துக் கற்றதை வைத்துத்தான் இன்றைக்கு நான் வெள்ளாமை செய்கிறேன். புதிதாக இயற்கை வழிக்கு வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மழைக்கணக்கு

தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிடும். செங்கோட்டை, தென்காசிக்குச் சாரலாவது உண்டு. சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்றுதான். ஐப்பசி, கார்த்திகை மழைதான் எங்கள் குளத்தை நிரப்பும். பிறகு பங்குனி, சித்திரையில் இடியோடு இரண்டு மூன்று கோடை மழை கிடைத்தால் கிணறு தாங்கும், உழவும் போடலாம். இந்த இரண்டில் ஒன்று தவறினால் சமாளித்துவிடுவோம். எங்களுக்கு 82 ஐப்பசி மழையும் குறைந்தது, 83 கோடை மழையும் ஏமாற்றியது.

எங்களுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை அது. மழைக்குப் பஞ்சமே இல்லாத கேரளத்திலும் அந்தக் கோடையில் ஆறுகள் வற்றின. பருவமழை ஜூன் இரண்டாம் வாரம்தான் அங்கே வந்தது. சென்னை ஏரிகளும் வறண்டன. சென்னைக்குக் கிருஷ்ணா நீர் கொண்டுவரும் ஒப்பந்தம் தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் இடையே கையெழுத்தானது அந்த 1983 ஏப்ரலில்தான்.

கடலில் நடந்தது

வழக்கமாகப் பசிபிக் கடலில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசி, சூடான மேல்நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளி வைத்திருக்கும். சில ஆண்டுகளில் அந்தக் காற்று தளர்ந்துவிடும். சூடான நீர் தென் அமெரிக்கக் கரையை நோக்கித் திரும்பும். மழை மேகமும் அதன் பின்னாலேயே போய்விடும். இதற்குத்தான் எல் நினோ என்று பெயர். 1982-83இல் வந்தது கடந்த நூற்றாண்டின் மிக வலுவானவற்றில் ஒன்று. பெரு நாட்டில் வெள்ளம். ஆஸ்திரேலியாவில் வறட்சியும், 1983 பிப்ரவரியில் 75 பேரைப் பலிகொண்ட காட்டுத்தீயும். இந்தியாவில் 1982 தென்மேற்குப் பருவமழை குறைந்தது.

அன்றைக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. 1982 வசந்தத்தில் மெக்சிகோவில் வெடித்த எல் சிச்சோன் எரிமலையின் புகைமண்டலம் செயற்கைக்கோள் அளவுகளைக் குழப்பியதால், அறிவியலாளர்களே தாமதமாகத்தான் கண்டுகொண்டார்கள். அந்த அடிக்குப் பிறகுதான் பசிபிக் கடலில் சுமார் 70 மிதவைக் கருவிகளை நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். இன்றைக்குப் பல மாதம் முன்பே எச்சரிக்கை வருவது அதனால்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். எல் நினோ ஆண்டில் நம் வடகிழக்குப் பருவமழை கூடும் என்பது பொதுக்கணக்கு. 82இல் எங்கள் குளத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை. ஆகவே முன்னறிவிப்பைக் கேளுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி விதைக்காதீர்கள்.

இரண்டு காடு, இரண்டு கதை

அப்பாவுக்கு எண்பது எலுமிச்சை மரம், பம்புசெட்டுக் கிணறு, இரண்டு ஏக்கர் வீரிய ரகப் பருத்தி. மரத்தடியில் புல் பூண்டு இல்லாமல் சுத்தமாக வைத்திருப்பார். அதுதான் நல்ல விவசாயம் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மாசியிலேயே தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. கடன் வாங்கி, வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்தினார். பாறைதான் வந்தது. சைடு போர் போட்டும் ஊறவில்லை. தட்டை வாங்கக் காசில்லாமல் உழவு மாட்டைச் சந்தைக்கு ஓட்டினார். ஊரே மாட்டை விற்க வந்து நிற்கும்போது என்ன விலை கிடைக்கும்? சித்திரை முடியும்போது அறுபது மரம் பட்டுப்போயிருந்தது. அன்றைக்கு வாங்கிய கடன் என் படிப்பையும் சேர்த்துக்கொண்டு போனது.

பெரியப்பாவுக்குக் கரிசல், முழுக்க மானாவாரி. கருங்கண்ணிப் பருத்தியும் உளுந்தும் ஊடாகப் போட்டு, ஓரத்தில் சோளம் விதைத்திருந்தார். கருங்கண்ணியின் ஆணிவேர் ஆழத்து ஈரத்தைத் தேடிப் போகும். விளைச்சல் பாதிதான், ஆனால் செலவு செய்த காசு என்று ஒன்றுமில்லை. முந்தின வருசத்துச் சோளத்தட்டைப் படப்பை அவர் விற்கவில்லை. ஆட்டுக்கு உடங்காய் உலுப்பிப் போட்டார். மாடு மிஞ்சியது.

அப்பாவிடம் அவர் சொன்னது நினைவிருக்கிறது: "தம்பி, தண்ணியத் தேடி பூமிக்குள்ள போறியே, இருக்கிற ஈரத்த வெயில்ல காயப்போட்டுட்டியேப்பா."

குளம் வறண்டு கிடந்த அந்தக் கோடையில் அவர் இன்னொன்றும் செய்தார். கரம்பை மண்ணை வண்டி வண்டியாக அள்ளித் தன் செவல் காட்டில் போட்டார். அடுத்த மழைக்கு அந்தக் காடுதான் முதலில் பச்சையானது.

நம்மாழ்வார் ஐயா 1960-களில் வேலை பார்த்த கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை எங்களுக்குப் பக்கம்தான். விலைக்கு வாங்கும் உரமும் வீரிய விதையும் மானாவாரி உழவனுக்குப் பொருந்தாது என்று உணர்ந்துதான் அவர் அந்த வேலையை விட்டார். எங்கள் வீட்டில் அது புரிய அறுபது மரம் சாக வேண்டியிருந்தது.

இப்போது நான் செய்வது

கோடை மழை ஒன்று விழுந்ததும் ஈரம் காயுமுன் சரிவுக்குக் குறுக்கே உழுதுவிடுவேன். மேல்மண் பொலபொலவென்று ஆனால் அடியிலுள்ள ஈரம் மேலேறி ஆவியாவது குறையும். அடுத்த மழையும் ஓடாமல் உள்ளே இறங்கும். சித்திரை மாத உழவு பத்தரை மாற்றுத் தங்கம் என்று சும்மா சொல்லவில்லை.

எலுமிச்சைக்கு மாசியிலேயே மூடாக்கு போட்டுவிடுவேன். தட்டை, சருகு, களை, எது கிடைத்தாலும் சரி. தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, நிழல் விழும் வட்டம் முழுக்க ஒரு முழங்கை உயரம். மழை தவறினால் முதலில் காயைக் கழித்துவிட்டு மரத்தைக் காப்பாற்றுவேன்.

ஒரு வருசத் தட்டை எப்போதும் படப்பில் இருக்கும். மாட்டை விற்றுவிட்டால் சாணமும் போச்சு, உழவும் போச்சு. விதையையும் இரண்டு விதைப்புக்குக் காணும் அளவு வைத்திருப்பேன். முதல் விதைப்பு காய்ந்தால் கடைக்கு ஓட வேண்டாம் பாருங்கள்.

கிணறு வற்றினால் ஆழப்படுத்தக் கடன் வாங்குவதில்லை என்பது நானே எனக்குப் போட்ட சட்டம். அந்தக் காசில் பாதியை வரப்பை உயர்த்தவும் பண்ணைக்குட்டை வெட்டவும் போட்டிருக்கிறேன்.

அப்பா காலத்து மரங்களில் மிஞ்சிய இருபதில் ஏழு இன்னும் காய்க்கின்றன. இந்தப் பங்குனியிலும் அவற்றுக்குத்தான் முதல் மூடாக்கு.