பதினாறு சதுரத்தில் ஒரு கெரிஸ்

ஜொகூர் பாருவில் உள்ள அருள்மிகு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குச் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சற்றுத் தொலைவில் நின்று பார்த்தால் சுவரும் தூணும் கூரையும் ஒரே ஒளிவெள்ளமாக மின்னும். அருகில் சென்றால் அந்த ஒளி சிறு சிறு கண்ணாடித் துண்டுகளாகப் பிரிந்துவிடும். ஏறக்குறைய 3 இலட்சம் துண்டுகள் அங்கே பதிக்கப்பட்டுள்ளன. தனியே எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் சாதாரணக் கண்ணாடிதான். எந்த நிறத் துண்டை எந்த இடத்தில் பதிப்பது என்ற தெளிவே அழகைத் தருகிறது.

கணினித் திரையில் தோன்றும் படங்களும் இவ்வாறே உருவாகின்றன. அங்கே கண்ணாடித் துண்டுக்குப் பதிலாக இருப்பது ‘பிக்சல்’ எனப்படும் ஒற்றை நிறப் புள்ளி. இதனை நன்கு விளங்கிக்கொள்ள ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டு ஒரு சிறந்த எடுத்துக்காட்டாகும். சுவீடன் நாட்டைச் சேர்ந்த மோஜாங் நிறுவனம் இதன் முழுப் பதிப்பை 2011ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெளியிட்டது. அதில் வாள், கோடரி, ஆப்பிள் போன்ற பொருள்களின் படங்கள், நீளத்தில் 16 புள்ளிகளும் அகலத்தில் 16 புள்ளிகளும் கொண்ட சதுரத்தில் வரையப்பட்டுள்ளன. மொத்தம் 256 புள்ளிகள் மட்டுமே.

பலர் ஒன்றுகூடி விளையாடுவதற்கு ஒரு சேவையகம் தேவை. சேவையகத்தை நடத்துபவர்கள் தங்கள் உலகத்திற்கென்று சிறப்புப் பொருள்களைச் சேர்ப்பதுண்டு. ஆனால், சேவையகம் தன் விருப்பப்படி புதிய படத்தை விளையாடுபவரின் திரையில் நேரடியாக வரைந்துவிட முடியாது. அதற்கு ஒரு வழி உண்டு. புதிய படங்கள் அடங்கிய ‘ரிசோர்ஸ் பேக்’ என்னும் வளத்தொகுப்பை விளையாடுபவரின் கணினி முதலில் பதிவிறக்கிக்கொள்ளும். பிறகு, சேவையகம் ஒரு சாதாரண வாளுடன் ஓர் அடையாள எண்ணை இணைத்து அனுப்பும். அந்த எண்ணைக் கண்டதும் கணினி, சாதாரண வாளின் படத்தை விடுத்துப் புதிய படத்தைக் காட்டும். இவ்வாறு எண்ணை இணைக்கும் வசதி ஜாவா பதிப்பில் 2019ஆம் ஆண்டு வந்தது. அதற்கு முன்னர், கருவிகளின் தேய்மான அளவையே அடையாள எண்ணாகப் பயன்படுத்திச் சமாளித்தார்கள்.

இப்போது நாம் ஒரு கெரிஸை வரைவதாக வைத்துக்கொள்வோம். கெரிஸின் அலகில் உள்ள வளைவுகளை மலாய் மொழியில் ‘லோக்’ என்பர். அவற்றின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாகவே இருக்கும். 13 லோக் கொண்ட கெரிஸை 16 புள்ளிச் சதுரத்தில் அப்படியே வரைய முயன்றால் என்ன ஆகும்? மூலைக்கு மூலை சாய்வாக வரைந்தாலும் நமக்குக் கிடைப்பது 16 படிகள்தாம். கைப்பிடிக்கும் சில புள்ளிகள் வேண்டும். எஞ்சிய இடத்தில் 13 வளைவுகளைத் திணித்தால் அலகு இரம்பத்தின் பல்லைப் போலத் தோன்றும். மாறாக, 3 வளைவுகளை மட்டும் தெளிவாகக் காட்டி, சற்றே வளைந்த கைப்பிடியையும் அமைத்தால், பார்த்தவுடன் “இது கெரிஸ்” என்று யாரும் சொல்லிவிடுவர். எனவே, பொருளை அடையாளம் காட்டும் கூறு எது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். அதை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும்.

அடுத்தது நிறம். புதிதாக வரைபவர்கள் பலர் பத்து, பதினைந்து நிறங்களைப் பயன்படுத்துகின்றனர். சிறிய சதுரத்தில் அவை கலங்கிய நீரைப் போல ஆகிவிடும். அலகுக்கு 3 அல்லது 4 சாயல்களும் கைப்பிடிக்கு 3 சாயல்களும் போதும். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதையும் முன்னரே முடிவு செய்ய வேண்டும். ஒரு பொருளில் ஒளி இடப்பக்கமும் இன்னொன்றில் வலப்பக்கமும் விழுந்தால், இரண்டும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவையாகத் தோன்றா. நிழலுக்குக் கறுப்பை மட்டும் கலப்பதும் அழகைக் குறைக்கும். பொன்னிறத்தின் நிழலுக்குச் செம்பழுப்பைப் பயன்படுத்திப் பாருங்கள். பொன் மங்காமல் மின்னும்.

“புள்ளிகளைக் கூட்டினால் அழகும் கூடாதா?” என்று சிலர் கேட்கலாம். நீளத்தையும் அகலத்தையும் 64 புள்ளிகளாக்கினால் மொத்தம் 4,096 புள்ளிகள் கிடைக்கும். ஆனால், மற்றப் பொருள்கள் யாவும் 16 புள்ளி அளவில் இருக்கும்போது அந்த ஒன்று மட்டும் பொருந்தாமல் தனித்து நிற்கும். மேலும், இத்தகைய படங்கள் பெருகப் பெருக வளத்தொகுப்பும் பெரிதாகும். கைப்பேசி இணையத்தைப் பகிர்ந்துகொண்டு விளையாடும் ஒரு மாணவர், நண்பர்கள் ஆட்டத்தைத் தொடங்கிய பின்னரும் பதிவிறக்கம் முடியட்டும் என்று காத்திருக்க நேரிடும். வளத்தொகுப்பை ஏற்காமலே விளையாடுபவர்களும் உண்டு. அவர்களின் திரையில் அடிப்படைப் பொருளே தெரியும். ஆகவே, கெரிஸுக்கு அடிப்படையாக வாளைத் தேர்ந்தெடுப்பதே முறை. கேரட்டைத் தேர்ந்தெடுத்தால், அவர்கள் கேரட்டைக் கையில் ஏந்திக்கொண்டு போருக்குப் போவார்கள்!

தோற்றம் என்பது அலங்காரம் மட்டுமன்று. அது தகவலும் ஆகும். ஆபத்தான நேரத்தில் விளையாடுபவர் ஒரு நொடிக்குள் சரியான பொருளை எடுக்க வேண்டும். உயிர் காக்கும் மருந்தும் நஞ்சும் ஒரே வடிவக் குப்பியில், பச்சை, சிவப்பு என்ற நிற வேறுபாட்டை மட்டும் நம்பி இருந்தால், அவ்விரு நிறங்களைப் பிரித்தறிய இயலாத ஒருவர் என்ன செய்வார்? அவர் திறமையால் தோற்கவில்லை. படம் வரைந்தவரின் கவனக்குறைவால் தோற்கிறார். குப்பியின் வடிவத்தை மாற்றினாலே இச்சிக்கல் தீரும். பொருளின் பெயரும் விளக்கமும் சுருக்கமாகவும் தெளிவாகவும் இருத்தல் வேண்டும்.

தோற்றத்திற்கு இன்னொரு மதிப்பும் உண்டு. சில சேவையகங்கள் வலிமைமிக்க ஆயுதங்களைப் பணத்திற்கு விற்றன. பணம் உள்ளவரே வெல்லும் நிலை உருவானது. 2014ஆம் ஆண்டு மோஜாங் நிறுவனம் இதற்கான விதியைத் தெளிவுபடுத்தியது. தோற்றத்தை மட்டும் மாற்றும் பொருள்களை விற்கலாம். போட்டியில் கூடுதல் பலம் தரும் பொருள்களை விற்கக்கூடாது. அன்று முதல், நேர்மையாக நடத்தப்படும் சேவையகங்களுக்கு நல்ல ஓவியரின் உழைப்பு இன்னும் தேவையானதாயிற்று. அந்த உழைப்பை மதிப்பதும் நம் கடமை. பிறர் வரைந்த படத்தை அனுமதியின்றி எடுத்துச் சேர்ப்பது, அது வெறும் 256 புள்ளிகளே ஆனாலும், களவுதான்.

ஒரு கட்டத் தாளை எடுங்கள். நீளத்தில் 16, அகலத்தில் 16 எனக் கட்டங்களை எண்ணி எல்லை வரையுங்கள். உங்கள் வீட்டில் உள்ள குத்துவிளக்கையோ அம்மியையோ அதற்குள் வண்ணமிட்டுக் காட்டுங்கள். வரைந்த தாளைச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று நண்பரிடம் “இது என்ன?” என்று கேளுங்கள். அவர் தயங்காமல் பெயரைச் சொன்னால் உங்கள் படம் வென்றுவிட்டது. தயங்கினால், எந்தக் கட்டத்தை நீக்கலாம் என்று முதலில் பாருங்கள்.